சோமனூர்ல கிடாரு, கீழ எட்டுத் தறி: லேப்டாப்ல ரெக்கார்டு பண்ணுனா ஒரே இரைச்சலுங்க

தறிவீட்டுப்பையன் | திங்கள், இரவு 11:20

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. ஊரு சோமனூரு. வீட்டு மாடியில ஒரு ரூம்பு, அதுக்குக் கீழ எட்டுத் தறி ஓடுது. ரெண்டு வருசமா எலெக்ட்ரிக் கிடாரு வாசிக்கறேன். மூணு சிங்கிள் காயில் பிக்கப், அதாவது கம்பி அதிர்றதைப் புடிக்கற ஒத்தைக் காயிலு, இருக்கற ஸ்ட்ராட் மாடலு, பேர் தெரியாத கம்பெனி.

எங்க மாமன் வள்ளி கும்மி சொல்லித் தர்றவரு. போன நோம்பிக்கு ஜமாப்பு மேளத்தோட அவரு பாடுனதைப் போன்ல புடிச்சு வெச்சிருக்கறேன். அது மேல கிடாரு வாசிச்சுச் சேக்கோணும், அடுத்த நோம்பிக்குள்ள. அவ்வளவுதான் ஆசை.

மொதல்ல கிடாரு கேபிள் முனையில சின்ன பின் மாத்தற கன்வெர்ட்டரு போட்டு லேப்டாப்போட ஹெட்போன் ஓட்டையில சொருவுனேன். ஒண்ணுமே வரலை. அப்பறம் மைக்கு, ஹெட்போனு ரெண்டையும் பிரிக்கற ஒய் கேபிள் வாங்குனேன். சத்தம் வந்துச்சு, ஆனா கம்பளியைப் போத்திக்கிட்டு வாசிக்கறாப்புல மங்கலா இருக்குது. கடைசியா ஒரு கடையில சொன்னாங்கன்னு யூஎஸ்பி கிடார் கேபிள் வாங்குனேன். அதுல கம்பியைத் தட்டுனா அப்பறமேட்டுக்கு எப்பவோ கேக்குது. கூடவே ‘ம்ம்ம்’முனு ஒரு இரைச்சல். சத்தத்தைக் கரகரப்பாக்கற டிஸ்டார்ஷன் போட்டா கிடாரை விட அதுதான் நெம்பப் பெருசாக் கேக்குது.

தறிச் சத்தம்தான் உள்ள வருதுங்களா? தறி நிக்கறது ஞாயித்துக்கெழமை மட்டுந்தான்.

மஞ்சமண்டி | திங்கள், இரவு 11:34

ஞாயித்துக்கெழமை வாசி. பிரச்சனை முடிஞ்சுது. ஈரோட்டுல இருந்து இலவச ஆலோசனை.

பீளமேட்டுக்காரன் | செவ்வாய், காலை 7:05

தம்பி, மூணு தனித்தனிப் பிரச்சனையை ஒரே மூட்டையாக் கட்டி வெச்சிருக்கீங்க. அவுத்துப் பாக்கலாம்.

ஹெட்போன் ஓட்டையில ஒண்ணும் வராதது சரிதான். அந்த ஓட்டையில நாலு தொடுப்பு இருக்கு: இடது காது, வலது காது, எர்த், மைக். கிடார் பின்னோட நுனி போயி இடது காதுக்குச் சத்தம் அனுப்பற இடத்துல முட்டி நிக்குது. அது வெளிய போற வாசல், உள்ள வர்ற வாசல் இல்ல.

மங்கலா வந்ததுக்குக் காரணம் வேற. கிடார் பிக்கப் ரொம்ப பலவீனமான ஆளு. அவனை நம்பி எந்த உள்ளீடும் கரண்ட் இழுக்கக் கூடாது. அதனாலதான் கிடார் ஆம்ப் எல்லாம் 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் உள்ளீட்டோட வருது. லேப்டாப் மைக் உள்ளீடு சில ஆயிரம் ஓம்தான். அதுல மாட்டுனா மேல இருக்கற பளபளப்பு எல்லாம் அமுங்கிப் போயிரும். அப்பறம் ஈக்வலைசர்ல என்ன தூக்கிவிட்டாலும் அது திரும்ப வராது, இரைச்சல்தான் மேல வரும். இதுக்குத்தான் ஆடியோ இன்டர்ஃபேஸ், கிடாருக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல வெக்கற பெட்டி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவோ, பெரிஞ்சர் யூஎம்சி22-வோ எதுவா இருந்தாலும் ‘இன்ஸ்ட்’னு போட்ட உள்ளீடு இருக்கணும். செகண்ட்ஹேண்ட் போதும். இந்த ஆசைக்குப் புதுசு தேவையில்ல.

தாமதம் மூணாவது. கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டா வாங்காது, குடம் குடமாத்தான் வாங்கும். அந்தக் குடத்துக்குப் பேருதான் பஃபர். 44.1 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 44,100 சாம்பிள் வேகத்துல, 1024 சாம்பிள் குடம்னா ஒரு பக்கத்துக்கு 23 மில்லிசெகண்ட். 128 வெச்சா 3-க்கும் கொஞ்சம் கம்மி. போயிட்டு வர ரெண்டு பக்கம், பெட்டிக்குள்ள மாத்தற நேரம் கொஞ்சம், எல்லாம் சேந்து 10 மில்லிசெகண்டுக்குள்ள நின்னா விரல் அதைக் கண்டுக்காது. விண்டோஸ்ல சாதாரண வழியில போனா குடம் ரொம்பப் பெருசு. அந்த வழியைச் சுத்திட்டு நேராப் போற ஏசியோ டிரைவர் போடுங்க. இன்டர்ஃபேஸ் கம்பெனியே அதைக் கொடுக்கும். இப்ப இருக்கற கேபிளுக்குத் தற்காலிகமா ஏசியோ4ஆல் இலவசமா கிடைக்குது, ஓரளவு தேறும்.

10 மில்லிசெகண்டுன்னா எவ்வளவுன்னு மனசுல பதியணுமா? சத்தம் ஒரு மீட்டர் போக 3 மில்லிசெகண்ட் ஆகும். நோம்பியில ஜமாப் அடிக்கறவங்க உங்களுக்கு மூணு மீட்டர் தள்ளி நின்னா அந்த 10 மில்லிசெகண்ட் தானா வந்துருது. அதுக்கு யாரும் கோவிச்சுக்கிட்டு ஆட்டத்தை நிறுத்தறதில்ல.

இரைச்சலைப் பத்தி நான் பேசல. அதுக்கு இங்க ஒரு ஆள் இருக்காரு, வருவாரு.

கொப்பரைக்களம் | செவ்வாய், காலை 9:40

எல்லாரும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டருன்னே பேசறீங்க. கிடார்னா ஆம்ப். ஆம்ப்னா ஸ்பீக்கர் முன்னால காத்து அசையணும். எங்க பொள்ளாச்சிக் களத்துக் கொட்டகையில ஒரு சின்ன ட்யூப் ஆம்பு, அதுக்கு முன்னால ஷுர் எஸ்எம்57 மைக்கு. 1965-ல வந்த மைக், இன்னிக்கும் அதுதான். ஸ்பீக்கர் நடுவுல இருக்கற மூடி முடிஞ்சு கூம்பு ஆரம்பிக்கற விளிம்புக்கு நேரா, வலையில இருந்து ரெண்டு விரக்கடை தள்ளி வெப்பேன். மைக்கை ஒரு விரக்கடை ஓரத்துக்குத் தள்ளுங்க, வேற கிடார் ஆயிரும். இந்த வித்தையை எந்த மவுஸ்ல பண்ணுவீங்க?

மஞ்சமண்டி | செவ்வாய், காலை 9:52

அண்ணா, அவருக்குக் கீழ எட்டுத் தறிங்க. மைக்கு வெச்சா கிடாரு கேக்காது, வேட்டிதான் கேக்கும்.

கொப்பரைக்களம் | செவ்வாய், காலை 9:58

அது சரி.

வைண்டிங்கடை | செவ்வாய், இரவு 9:15

கடை அடைச்சுட்டு வந்தேன். எனக்குக் கிடாரு வாசிக்கத் தெரியாது. கோயமுத்தூரு கணபதியில மோட்டார் வைண்டிங் கடை. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-ல மோட்டார் செஞ்ச ஊரு, அதனால இங்க வீதிக்கு ஒரு வைண்டிங் கடை இருக்கும். அதுல ஒண்ணு.

போன வருசம் ஒரு காலேஜ் பையன் பிக்கப் செத்துப் போச்சுன்னு கொண்டாந்தான். பிரிச்சுப் பாத்தா தலைமுடி மாட்டம் செப்புக் கம்பி, நம்ம கணக்குல 46-ம் நம்பர் கிட்ட வரும். ஏழாயிரத்துக்கு மேல சுத்து. நாங்க ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுத்தற கம்பி இதுக்குப் பக்கத்துல கெணத்துக் கவுறு. மூணு தடவை அறுந்துச்சு, நாலாவது தடவை மூச்சைப் புடிச்சுக்கிட்டு சுத்தி முடிச்சேன். மீட்டர் வெச்சா ஆறாயிரம் ஓம் சில்லறை காட்டுச்சு. ஆனா அது டிசியில. காயில்னா இண்டக்டன்ஸ் உண்டு. ரெண்டேகால் ஹென்ரின்னு வெச்சாலும் 3000 ஹெர்ட்ஸ்ல அது நாப்பதாயிரம் ஓமுக்கு மேல போயிரும். பீளமேட்டுத் தம்பி சொன்ன மங்கலுக்கு இதுதான் உள்விவரம்.

இப்ப இரைச்சல். இத்தனை சுத்து சுத்தி உள்ள காந்தம் வெச்ச காயிலு கிடாரு கம்பியை மட்டும் கேக்காது. பக்கத்துல இருக்கற மோட்டாரு, சோக்கு, டிரான்ஸ்பார்மரு எல்லாத்தையும் கேக்கும். அதெல்லாம் 50 ஹெர்ட்ஸ் பாட்டு. ஆனா எல்லா இரைச்சலும் அது வழியாத்தான் வருதுன்னு அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. நாளைக்கு இதைப் பண்ணிட்டுச் சொல்லுங்க தம்பி.

கிடாரு வால்யூமை முழுசா ஜீரோ வெய்ங்க. இரைச்சல் போச்சுன்னா பிக்கப்புல இருந்து வருது. போகலைன்னா கேபிளு, பெட்டி, லேப்டாப்பு, கரண்டுன்னு வெளிய எங்கயோ இருக்குது. அப்பறம் வால்யூமை ஏத்திக்கிட்டு, உக்காந்த எடத்துலயே நாக்காலியோட ஒரு சுத்து சுத்துங்க. திசைக்குத் தகுந்தாப்புல கூடிக் கொறைஞ்சா காந்தப்புலம். மூணாவதா லேப்டாப் சார்ஜரைப் புடுங்கிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க. கம்பியைத் தொட்டா என்ன, விட்டா என்னன்னும் பாருங்க.

மஞ்சமண்டி | செவ்வாய், இரவு 9:31

இதெல்லாம் எதுக்குங்க, சார்ஜர் மூணு பின்னுல பெரிய பின்னை ஒடைச்சு விட்டாப் போதும், இரைச்சல் நிக்கும். எங்க பேண்டுல அப்படித்தான் பண்ணுனோம்.

வைண்டிங்கடை | செவ்வாய், இரவு 9:33

யாரும் அதைப் பண்ணாதீங்க. மஞ்சமண்டி, நீங்க இன்னும் உசுரோட இருக்கறது உங்க அதிர்ஷ்டம்.

பீளமேட்டுக்காரன் | செவ்வாய், இரவு 10:10

இதுல விளையாட்டு வேண்டாம். கிடார்ல கம்பி எல்லாம் பிரிட்ஜ் வழியா எர்த்தோட சேந்திருக்கு. ஒரு கை கம்பியில இருக்கும், வாய் மைக்கு கிட்ட இருக்கும். ரெண்டுக்கும் எர்த் வேற வேறயா இருந்தா நடுவுல இருக்கற ஆள்தான் ஒயர். 1972-ல ஸ்வான்சீ ஊர்ல, ஸ்டோன் த க்ரோஸ் குழுவோட கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையிலயே செத்தது இப்படித்தான், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு.

தறிவீட்டுப்பையன் | புதன், இரவு 11:48

எல்லாம் பாத்துட்டேனுங்க. நேத்தே ஒரு சிநேகிதன்கிட்ட இன்டர்ஃபேஸ் இரவல் வாங்கிட்டேன். மங்கல் போச்சு. ரெக்கார்டிங்குக்கு ரீப்பர்னு ஒரு சாப்ட்வேர் போட்டிருக்கறேன், 60 நாள் சும்மா ஓட்டலாம். ஏசியோவுல 128 வெச்சதும் தாமதமும் போச்சு. மொத தடவை கம்பியைத் தட்டுன உடனே காதுல கேட்டப்ப மேல் எல்லாம் சிலுத்துப் போச்சுங்க.

இரைச்சல் மட்டும் அப்படியே இருக்குது. வால்யூம் ஜீரோ வெச்சேன், போகலை. சார்ஜரைப் புடுங்குனேன், முக்காவாசி போயிருச்சு. திரும்பச் சொருவுனா வந்துருது. கம்பியைத் தொட்டா கொறையுது. வெறுங்காலோட தொடறப்ப விரல் நுனியில சுர்ருனு ஒரு குறுகுறுப்பு. அது கிடாருன்னா அப்படித்தான்னு நெனச்சுட்டிருந்தேன்.

வைண்டிங்கடை | வியாழன், காலை 6:20

தம்பி, சுர்ருங்கறது கிடாரு சமாச்சாரம் இல்ல. ரெக்கார்டிங்கை நிறுத்துங்க. ஒரு ஒயர்மேனைக் கூப்புட்டு, அந்த ரூம்பு பிளக்குல மூணு அளவு எடுக்கச் சொல்லுங்க: பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். லேப்டாப் சார்ஜரு பக்கத்து ஓட்டையில மாட்டியே இருக்கட்டும். நீங்க கை வெக்க வேண்டாம்.

தறிவீட்டுப்பையன் | வெள்ளி, இரவு 10:30

தறிக்கு வர்ற ஒயர்மேன் அண்ணனையே மாடிக்குக் கூட்டியாந்தேன். பேஸு நியூட்ரலு 228. பேஸு எர்த்து 113. நியூட்ரலு எர்த்து 114. ரெண்டு பக்கமும் பாதி பாதியா காட்டுது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல டெஸ்ட் லேம்ப் வெச்சாரு, முணுக்குனு கூட எரியலை.

வைண்டிங்கடை | வெள்ளி, இரவு 10:41

அந்தப் பாதி பாதிதான் சாட்சி. உங்க பிளக்குல எர்த்தே இல்ல. சார்ஜருக்குள்ள இரைச்சலை வடிகட்ட ரெண்டு கெப்பாசிட்டர் வெச்சிருப்பாங்க, ஒண்ணு பேஸுல இருந்து எர்த்துக்கு, இன்னொண்ணு நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு. எர்த்து ஒழுங்கா இருந்தா அது வழியா மண்ணுக்குப் போயிரும். இல்லாட்டி ரெண்டுக்கும் நடுவுல, 230-ல பாதியில தொங்கும். அது லேப்டாப்பு, யூஎஸ்பி, பெட்டி, கேபிளு, கிடாரு கம்பின்னு ஊர்வலமா வந்து உங்க விரல்ல நிக்குது. கரண்டு கம்மிங்கறதால சுர்ருனு மட்டும் இருந்துச்சு. டெஸ்ட் லேம்ப் எரியாததும் அதனாலதான், பல்பை எரிக்க அதுக்குத் தெம்பு கெடையாது.

பிளக் பெட்டியைக் கழட்டச் சொல்லுங்க.

தறிவீட்டுப்பையன் | சனி, மதியம் 1:15

கழட்டியாச்சுங்க. மெயினை ஆப் பண்ணிட்டு அண்ணன் பெட்டியை வெளிய இழுத்தாரு. பச்சை ஒயரு உள்ள வந்திருக்குது. முனையைச் சீவவே இல்ல, மூணு சுத்துச் சுத்தி செவுத்துக்குள்ள அழகாத் திணிச்சு வெச்சிருக்காங்க. அது மேல சிமெண்டுப் பொடி, ஒரு பல்லி முட்டை ஓடு. ஏழு வருசமா அப்படியே கெடந்திருக்குது. மாடி கட்டுனப்ப ஒயரிங் பண்ணுனவங்களுக்குப் பசி நேரம் போல.

மேல மாட்டிட்டுப் பாத்தா பேஸு எர்த்து 219, நியூட்ரலு எர்த்து 9. அதுவும் பத்தாதுன்னாரு அண்ணன். பொடக்காலியில இருக்கற எர்த் குழியைப் பாத்தா மண்ணு வெடிச்சுக் கெடக்குது. கரியும் உப்பும் போட்டு எப்பவோ தோண்டுனது. நாலு கொடம் தண்ணி ஊத்தி, கிளாம்பைத் தேச்சு முறுக்குனாரு. கொஞ்ச நேரத்துல 3 வோல்ட்டுக்கு வந்துருச்சு. அம்மா கேட்டாங்க, செடிக்கு ஊத்தாத தண்ணியை எதுக்குடா கம்பிக்கு ஊத்தறேன்னு.

இரைச்சல் முக்காவாசி போயிருச்சுங்க. சார்ஜரு மாட்டியே இருக்குது, சுர்ருங்கறதும் இல்ல.

கொப்பரைக்களம் | சனி, மதியம் 2:02

எங்க களத்துலயும் போயி இப்பவே அளந்து பாக்கறேன். மோட்டாருக்கு எர்த்து பாப்போம், கிடாருக்கு எவன் பாத்தான்.

மஞ்சமண்டி | சனி, மதியம் 2:20

நான் அந்தப் பின்னை ஒட்டறதுக்கு வழி இருக்கான்னு தேடிட்டிருக்கேன்.

வைண்டிங்கடை | சனி, மதியம் 2:24

புது சார்ஜர் கேபிள் வாங்குங்க.

பீளமேட்டுக்காரன் | சனி, இரவு 8:00

மிச்சம் இருக்கற கால்வாசி உண்மையான சிங்கிள் காயில் இரைச்சல். இப்ப வால்யூம் ஜீரோ வெச்சா அது போயிரும் பாருங்க. இதுக்கு மருந்து 1955-லயே கிப்சன்ல சேத் லவர் கண்டுபுடிச்சாரு: ரெண்டு காயிலை எதிரெதிராச் சுத்தி, காந்தத்தையும் திருப்பி வெச்சா கம்பியோட சத்தம் கூடும், இரைச்சல் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். அதுதான் ஹம்பக்கர். உங்க கிடார்ல நடு பிக்கப் எதிர்ச்சுத்தா இருந்தா ஸ்விட்ச்சை ரெண்டாவது இல்லாட்டி நாலாவது இடத்துல வெச்சா இதே வித்தை நடக்கும். வெச்சுப் பாத்தா தெரிஞ்சுரும், இரைச்சல் டக்குனு விழும்.

80 ஹெர்ட்ஸ்ல ஃபில்டர் போட்டு அறுத்துரலாம்னு சில பேர் சொல்லுவாங்க. ஆறாவது கம்பி வெறுமனே 82 ஹெர்ட்ஸ்ல பேசுது, அதனால 50 ஹெர்ட்ஸை வெட்டறதுல நட்டமில்ல, வெட்டுங்க. ஆனா காதுல குத்தறது 50 இல்ல. அதோட பேரன் பேத்தி 100, 150, 200, 250. அதெல்லாம் கிடாரோட வீட்டுக்குள்ளயே குடியிருக்குது. ஃபில்டரால அதை வெரட்டுனா கிடாரும் கூடவே கெளம்பிரும்.

தறிவீட்டுப்பையன் | ஞாயிறு, பகல் 12:40

நாலாவது எடத்துல டக்குனு விழுந்துச்சுங்க! சும்மா சொல்லலை, யாரோ ஃபேனை ஆப் பண்ணாப்புல.

இன்னொண்ணும் கண்டுபுடிச்சேன். நாக்காலியைச் சுத்தறப்ப, கெழக்குச் செவுத்தைப் பாத்தும் பாக்காம, தண்ணி டேங்குப் பக்கம் கொஞ்சம் சாஞ்சு உக்காந்தா பிரிட்ஜ் பிக்கப்புல கூட இரைச்சல் தேஞ்சு போயிருது. ட்யூப்லைட்டையும் ஆப் பண்ணிட்டேன். நாக்காலிக் கால் நாலுக்கும் தரையில சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெச்சிருக்கறேன்.

இனி சத்தம். டிஸ்டார்ஷன் போட்டா தகர டப்பாவுக்குள்ள வண்டு புகுந்தாப்புல இருக்குதுங்களே?

பீளமேட்டுக்காரன் | ஞாயிறு, மாலை 5:30

ஸ்பீக்கரை மறந்துட்டீங்க. கிடார் ஆம்போட 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சடசடன்னு விழுந்துரும். நீங்க போட்டது ஆம்ப் மட்டும். ஸ்பீக்கர் இல்லாம ஆம்போட சத்தம் நேராக் காதுக்கு வந்தா வண்டுதான். ஐஆர்னு ஒரு சின்ன கோப்பு, ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் ஒரு அறையில எப்படிப் பேசுச்சுங்கறதோட அச்சு. அதை ஆம்ப் ப்ளக்இன்னுக்கு, அதாவது ரீப்பருக்குள்ள ஓடற ஆம்ப் சாப்ட்வேருக்கு, அடுத்ததா போடுங்க. நேடிஐஆர்னு ஒரு இலவச ஏத்தி இருக்கு. ஆம்புக்கு நியூரல் ஆம்ப் மாடலர், என்ஏஎம்னு சொல்லுவாங்க, அதுவும் இலவசம். நிஜ ஆம்பைக் கேட்டுப் பழகுன மாடல் கோப்புகளை ஊர் ஊரா ஆளுங்க செஞ்சு போட்டிருக்காங்க. பழைய லேப்டாப்னா ஃபெதர், நேனோன்னு போட்டதை எடுங்க, ஸ்டாண்டர்டு மூச்சு வாங்கும்.

உள்ள வர்ற அளவை செவப்பு வரைக்கும் ஏத்தாதீங்க. பலமா அடிக்கறப்ப மைனஸ் 12 டெசிபல் கிட்ட நின்னாப் போதும். 24 பிட்ல கணக்குப்படி 144 டெசிபல் அகலம் இருக்கு, கம்மியா வாங்கிட்டு அப்பறம் ஏத்தறதுல நட்டமே இல்ல. செவப்புல வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். அப்பறம் டிஸ்டார்ஷன், நீங்க நெனைக்கறதுல பாதி வெய்ங்க. அது சின்னதையும் பெருசையும் ஒரே ஒசரத்துக்கு இழுத்துரும், நீங்க அழிச்ச இரைச்சலும் கூடவே எந்திரிச்சு வரும்.

ஒரு நல்லது, ரீப்பர்ல பதிவாகறது ப்ளக்இன் இல்லாத வெறும் கிடார்தான். ஆம்பை ஆறு மாசம் கழிச்சுக் கூட மாத்திக்கலாம்.

கொப்பரைக்களம் | ஞாயிறு, மாலை 6:10

மாத்திக்கலாம் மாத்திக்கலாம்னு சொல்லியே ஒருத்தனும் முடிக்க மாட்டான். என் மைக்கு வெச்சா வெச்சதுதான், அப்பவே முடிவு பண்ணியாகணும். அதுலதான் ஒரு கவனம் வருது.

ஆனா ஒரு பாவமன்னிப்பு. போன மார்கழியில வீட்ல ஒறம்பரை தூங்கறாங்கன்னு, ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டிட்டு ஹெட்போன்ல வாசிக்கலாம்னு ட்யூப் ஆம்பை ஓட்டுனேன். ட்யூப் ஆம்புக்கு ஸ்பீக்கரோ அதுக்கு ஈடான சுமையோ இல்லாம ஓட்டக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சும் அஞ்சு நிமிசம்தானேன்னு பண்ணுனேன். மூணாவது நிமிசம் சுட்ட வார்னிஷ் வாசம். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போச்சு.

வைண்டிங்கடை | ஞாயிறு, மாலை 6:25

அது நீங்கதானா? பச்சைப் பெயிண்டடிச்ச மரப்பெட்டி? சுத்திக் குடுத்தது நாந்தான்.

கொப்பரைக்களம் | ஞாயிறு, மாலை 6:27

நீங்கதானா அது!! இளனி குடுத்தனுப்பறேனுங்க.

பச்சைமலை | திங்கள், காலை 10:15

கோபியில இருந்து. எட்டு நாளா படிச்சுட்டிருக்கேன். எல்லாரும் பெட்டியைப் பத்தியும் கரண்டைப் பத்தியும் பேசியாச்சு, அந்த மாமா பாடுனதைப் பத்தி யாரும் கேக்கலையே.

தம்பி, ஒண்ணு கேக்கறேன். ரீப்பர்ல டெம்போ போட்டு, தாளத்துக்கு டிக் டிக்னு அடிக்கற க்ளிக் வெச்சு வாசிக்கறீங்களா?

தறிவீட்டுப்பையன் | திங்கள், காலை 10:40

ஆமாங்க்கா. 104 வெச்சேன். மொத நாலு வரி பொருந்துது, அப்பறம் ஜமாப்பு முன்னாடி ஓடிருது. மாமனைத் திரும்பப் பாட வெக்கலாம்னு பாத்தேன், ஹெட்போன் போட்டுப் பாட மாட்டேங்கறாரு.

பச்சைமலை | திங்கள், இரவு 9:50

பாட மாட்டேன்னது நல்லதாப் போச்சு. க்ளிக் போட்டா கும்மி செத்துரும். வட்டம் சூடேற ஏற அடி இறுகிக்கிட்டே போகணும், அது தப்பு இல்ல, அதுதான் ஆட்டம். நான் எங்க ஊர்ப் பாட்டு ஒண்ணுக்கு இப்படிப் பண்ணுனேன்: போன் பதிவை ரீப்பர்ல போட்டு, பாட்டு ஓட ஓட ஒவ்வொரு சுத்தோட மொத அடியிலயும் கீபோர்டுல எம் தட்டி மார்க்கர் வெச்சேன். அப்பறம் அந்த மார்க்கருக்குத் தகுந்தாப்புல டெம்போவை வளைச்சேன். பாட்டைக் கோட்டுக்குள்ள இழுக்கல, கோட்டைப் பாட்டுக்கு இழுத்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு. அதுக்கப்பறம் எக்கோவும் டிலேயும் கூட ஜமாப்போட சேந்து ஓடிச்சு.

இன்னொண்ணு, சுருதி. உங்க மாமா, ட்யூனர் வழக்கமா வெச்சிருக்கற ஏ 440 ஹெர்ட்ஸைக் கேட்டுட்டுப் பாட ஆரம்பிச்சிருக்க மாட்டாரு. எங்க பாட்டுல அளந்து பாத்தா 446-ல நின்னுச்சு. செமிடோன்ல கால்வாசி வித்தியாசம். கேட்டா கிடார்தான் தப்பா இருக்கறாப்புல தெரியும். அவரை ட்யூன் பண்ணி இழுக்காதீங்க, தொண்டை பிளாஸ்டிக் ஆயிரும். ட்யூனர்ல அடிப்படை சுரத்தை அவரு நிக்கற நம்பருக்கு மாத்திட்டு, கிடாரை அவருக்கு ட்யூன் பண்ணுங்க. அவரு எங்க நிக்கறாருன்னு கண்டுபுடிக்க, ஒரு வரி முடிஞ்சு நீளமா இழுக்கற எடத்தைச் சுழல விட்டு, அது கூட ஒத்தைக் கம்பியை மீட்டி மீட்டிப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு அலை அடிக்கும், வவ் வவ்னு. அது நிக்கற எடம்தான் அவரு.

ரெண்டு பக்கமும் கிடார் வேணும்னா ரெண்டு தடவை வாசிங்க, ஒண்ணை இடது பக்கமும் இன்னொண்ணை வலது பக்கமும் தள்ளுங்க. காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. ஒரே பதிவை ரெண்டு பக்கம் வெச்சா அது நடுவுல கொஞ்சம் சத்தமாக் கேக்கும், அவ்வளவுதான். அதுல ஒண்ணை 20 மில்லிசெகண்ட் தள்ளி வெச்சு ஏமாத்தலாம்னு சொல்லுவாங்க. கோயில் வாசல்ல கட்டற ஒத்தை ஸ்பீக்கர்ல ரெண்டும் சேந்து ஒலிக்கறப்ப கிடார் குழாய்க்குள்ள போயிரும். உங்க பாட்டு அங்கதானே ஓடப் போகுது?

தறிவீட்டுப்பையன் | திங்கள், இரவு 11:30

அக்கா, அதே ஒத்தை ஸ்பீக்கர்தானுங்க. இந்த ரோசனை எனக்கு வரவே இல்ல.

மாமன் 436-ல நிக்கறாரு. அவருகிட்டச் சொன்னேன். ‘நான் நின்ன எடத்துலதான் நிக்கறேன், உன்ற கம்பியை எறக்கு’ன்னு போயிட்டாரு.

பீளமேட்டுக்காரன் | செவ்வாய், காலை 7:30

மார்க்கர் விஷயம் எனக்கே புதுசு. நன்றிங்க. ஒரு வாரமா ஓமையும் வோல்ட்டையும் பேசிட்டிருந்தேன்.

மஞ்சமண்டி | வெள்ளி, இரவு 8:05

என்னாச்சு? போடு கேப்போம். கேபிள் வாங்கிட்டேன், மூணு பின்னோட.

தறிவீட்டுப்பையன் | சனி, இரவு 10:55

இடது பக்கத்துக் கிடாரு முழுசா முடிஞ்சுதுங்க. கீழ எட்டுத் தறியும் ஓடிட்டிருந்துச்சு, பதிவுல ஒரு ‘டக்’ கூட இல்ல. ரெண்டு எடத்துல மட்டும் டிக்குனு ஒரு சொடுக்கு. தறி மோட்டாரு ஸ்டார்ட்டர் போடற நேரம் அதுன்னு ஒயர்மேன் அண்ணன் சொன்னாரு. ஒரு சொடுக்கு பாட்டு நிக்கற எடத்துல விழுந்ததால வெட்டிட்டேன். இன்னொண்ணு ஜமாப் அடிக்கு நேரா விழுந்திருக்குது, விட்டுட்டேன், நல்லாத்தான் இருக்குது.

வலது பக்கம் இன்னிக்கு வாசிக்கலாம்னு மேல வந்தா ரூம்பு பளபளன்னு இருக்குது. வெள்ளிக்கெழமையாச்சேன்னு அம்மா நேத்தே கூட்டி, தண்ணி ஊத்தித் தொடச்சு விட்டிருக்காங்க. சாக்பீஸ் வட்டம் நாலும் போச்சு. ஒரு மணி நேரமா நாக்காலியைச் சுத்திட்டிருக்கறேன். தண்ணி டேங்குப் பக்கம்னு ஞாபகம் இருக்குது, எவ்வளவு சாஞ்சேன்னு இல்ல.

வைண்டிங்கடை | சனி, இரவு 11:02

பெயிண்ட்ல போடுங்க தம்பி.